கொக்கின் மூக்கு கிழிந்தால் குற்றம் கையிலா, தாளிலா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி நீளமானது. சுருக்கினால் இவ்வளவுதான்: “வயசு அம்பதைத் தாண்டிருச்சுங்க. ஒரிகாமிங்கற காகித மடிப்புக் கலையக் கத்துக்கோணும்னு நெம்ப நாளா ஆசை. ஸ்டேஷனரி கடைல ஒரிகாமி பேப்பர்னு நூறு தாள் பாக்கெட் ஒண்ணு, 15 சென்டிமீட்டர் சதுரம், வாங்கியாந்து வீடியோ பாத்துக் கொக்கு மடிச்சேன். ஆறு தடவையும் ஒண்ணு மூக்கு கிழியுது, இல்லீன்னா கழுத்து குண்டாயிருது. எனக்குக் கைவாகு இல்லீங்களா? ஜப்பான் தாள்தான் வாங்கோணுமா? எதுலிருந்து தொடங்கறதுங்க?” மூன்று கேள்விபோல இருந்தாலும் உள்ளே கிடப்பது ஒன்றுதான். பிழை கையில் இருக்கிறதா, தாளில் இருக்கிறதா, கற்கும் வரிசையில் இருக்கிறதா? நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், சந்தேகப்பட வேண்டிய வரிசையில் கை கடைசியில்தான் வரும்.

வரிசை தவறு என்பதை இங்கிருந்தே உறுதியாகச் சொல்லலாம். கொக்கு எளிய உருவம் என்று எல்லா இடத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள்; அது மடித்துப் பழகியவர்களின் பேச்சு. முதல் நாளே கொக்கில் கை வைப்பது, ஹேண்டில்பார் பிடிக்கப் பழகும் முன் அவிநாசி ரோட்டில் வண்டியை இறக்குவதுபோல. தாள் தவறு என்பது என் ஊகம். பாக்கெட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் அதை நீங்களே கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பாக்கெட்டை எடை போடுங்கள். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே அது. 15 சென்டிமீட்டர் சதுரத் தாள் நூறைச் சேர்த்தால் 2.25 சதுர மீட்டர் வரும். ஆகவே உறையை நீக்கிவிட்டு நூறு தாளை மட்டும் சமையலறைத் தராசில் வைத்து, வரும் கிராமை 2.25ஆல் வகுத்தால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். 157 கிராம் காட்டினால் தாள் 70 ஜி.எஸ்.எம்.; 180 என்றால் 80; 270 என்றால் 120. ஆறு தாளைக் கொக்குக்குப் பலி கொடுத்துவிட்டீர்கள் என்பதால் மீதி 94ஐ எடை போட்டு, ஒரு தாளின் எடையைக் கண்டு நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் கொக்குக்கு 60 முதல் 70 வரை வசதியானது. 80ல் மடிக்கலாம், கழுத்தில் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 100ஐத் தாண்டினால் அது பெட்டி செய்யும் தாள், கொக்குக்கு ஆகாது. பள்ளிக் கைவேலைக்கு விற்கும் பாக்கெட்டுகள் பல 80ஓ அதற்கு மேலோ இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே நிறமாகவும் இருக்கும். அது வேறொரு தொல்லை. ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை என்று இருந்தால் எந்த முகம் வெளியே வந்திருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்; ஒரே நிறத்தில் ஒவ்வொரு படியிலும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு தாளைக் குறுக்காக மடித்து நகத்தால் அழுத்துங்கள். பிரித்து, அதே கோட்டில் எதிர்ப்பக்கம் மடியுங்கள். இப்படி நாலு முறை மாற்றி மாற்றி மடித்தபின் கோட்டில் வெள்ளை வெடிப்பு தெரிந்தால், நிறம் தாளில் ஊறாமல் மேலே பூச்சாகத்தான் நிற்கிறது என்று அர்த்தம். வெடிப்பு மட்டும் என்றால் அழகுதான் குறையும். கோட்டில் ஊசித்துளைபோல் ஒளி தெரிந்தால் அந்தத் தாளில் மூக்கு கிழியத்தான் செய்யும். யார் கையும் அதைக் காப்பாற்றாது. பிறகு இன்னொரு தாளை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துப் பாருங்கள். மூலையோடு மூலை சேர்ந்தபின் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தால் தாள் சதுரமே இல்லை. ஒரு கட்டைக் கில்லட்டினில் மொத்தமாக வெட்டும்போது அடித்தாள்கள் நகர்ந்துவிடுவதுண்டு. அந்த ஒரு மில்லிமீட்டர் முதல் மடிப்பில் ஒன்றும் செய்யாது. கொக்கின் மூக்குக்கு வரும்போது மூக்கின் அகலமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதால், எல்லாம் கோணலாகித் தெரியும்.

தாள் ஏன் கிழிகிறது என்பதற்கு நம்மூரிலேயே விளக்கம் இருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. சக்கையின் நார் குட்டையானது, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஜப்பானியர்கள் கைத்தாளுக்கு எடுக்கும் கோசோ என்ற மரப்பட்டையின் நார் அதைப்போலப் பல மடங்கு நீளம். எழுதவும் அச்சடிக்கவும் குட்டை நார்தான் நல்லது, முகம் வழவழப்பாக வரும். போதாததற்கு வெண்மைக்காகச் சுண்ணாம்புத் தூள் மாதிரியான நிரப்பியும் சேர்ப்பார்கள். மடிப்புக்கோ நீள நார்தான் பலம். குட்டைப் பஞ்சில் நூற்ற நூல் இழுத்தால் அறும், நீளப் பஞ்சு நூல் தாங்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாளிலும் அதே கணக்கு. இதை வைத்து உள்ளூர்த் தாள் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கோட்டைப் பத்து முறை முன்னும் பின்னும் திருப்பாத உருவங்களுக்கு நகல் எடுக்கும் ஏ4 தாள் அருமையானது. கோடு கூர்மையாக விழும், விழுந்த கோடு நிற்கும்.

அதனால் ஜப்பான் தாள் இப்போதைக்கு வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாளே போதும். ஒரு ரீமில் 500 இருக்கும், கெட்டால் மனசு வலிக்காது. கலர் ஏ4 தாளும் தனியாகக் கிடைக்கும். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாள் நீள நார் உள்ளது, முரட்டுத்தனமாகத் திருப்பினாலும் கிழியாது. 25, 30 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிப் பெரிய உருவங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அட்டை ரோலில் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதும் வருகிறது, அது மட்டும் உதவாது, மடித்த இடத்தில் நிற்காமல் எழுந்துகொள்ளும். கிளேஸ் பேப்பர் மெல்லியது, ஒரு பக்கம் பளபளக்கும், பார்வைக்கு ஒரிகாமித் தாள்போலவே இருக்கும். ஆனால் வியர்த்த விரல் பட்டால் சாயம் விடும், சுருண்டும் கொள்ளும். ஜிகினாத் தாள் வைத்த இடத்தில் நிற்கும், ஆனால் தப்பாக விழுந்த கோட்டை அழிக்கவே முடியாது. செய்தித்தாள் தொப்பி மடிக்க மட்டும். நல்ல ஒரிகாமித் தாள் வாங்குவது என்று முடிவெடுத்தால், கொக்கை ஏ4 தாளில் ஒழுங்காக மடித்தபிறகு வாங்குங்கள். வித்தியாசம் அப்போதுதான் விரலுக்குத் தெரியும்.

தாளுக்கு ஓட்டம் என்று ஒன்று உண்டு. ஆலையில் தாள் ஓடும் திசையில்தான் பெரும்பாலான நார்கள் படுக்கும். சதுரத்தைக் கோடு விழாமல் லேசாக வளைத்து, பிறகு தொண்ணூறு பாகை திருப்பி மறுபடி வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவின் முதுகு போகும் திசைதான் ஓட்டம். ஓட்டத்தோடு போகும் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே போவது கொஞ்சம் முரண்டும். கொக்கில் இதனால் பெரிய மாற்றமில்லை. வெயில்தான் மாற்றம் செய்யும். பங்குனி, சித்திரையில் ஈரோட்டுச் சூட்டுக்குத் தாள் அப்பளமாகிவிடும். அப்போது மூடியுள்ள டப்பாவில் தாளையும், தாளைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தில் ஈரத்துணியையும் வைத்து ஒரு மணி நேரம் மூடிவைத்தால் இளகும். ஐப்பசி மழையில் இதற்கு நேர் எதிர். தாள் தொய்ந்து, ஓட்டத்துக்குக் குறுக்கே சற்று விரிந்து, காய்ந்த நாளில் வெட்டிய சதுரம்கூடச் சதுரமாக நிற்காது. ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

சதுரம் வெட்டுவதுதான் முதல் பாடம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். ஒரு மூலையைக் குறுக்காக மடித்து, மிஞ்சும் 87 மில்லிமீட்டர் பட்டையைக் கிழித்து எடுப்பதுதான் வழக்கம். கிழித்த விளிம்பு பிசிறும், அதன்மேல் எதையும் சரியாகப் பொருத்த முடியாது. மடித்து அடையாளம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கட்டரால் வெட்டுங்கள். அடியில் பழைய அட்டை ஒன்று இருக்கட்டும். 1893ல் சென்னையில் டி. சுந்தர ராவ் காகித மடிப்பால் வடிவியல் கற்றுத்தரும் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயமே ஒழுங்கற்ற விளிம்புள்ள தாளிலிருந்து சதுரம் எடுப்பதுதான். தாளை எப்படியாவது ஒருமுறை மடித்தால் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டை அதன்மேலேயே பொருத்தி மறுபடி மடித்தால் செங்கோணம். ஸ்கேல், மூலைமட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு மாலை முழுக்க இதை மட்டும் செய்துபார்க்கலாம். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் “விளிம்போடு விளிம்பு” என்றால் என்ன என்று கை புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

மடிக்கும் முறையிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் ஒரு முனையில் அழுத்தத் தொடங்கி மறுமுனைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். போகப் போகத் தாள் நகர்ந்துவிடும். மூலையை மூலையோடு பொருத்தி ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு, கோட்டின் நடுவை முதலில் லேசாகத் தொட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் தடவுங்கள். எல்லாம் சரி என்று பார்த்தபிறகு அழுத்தம். தாளை உங்களிடமிருந்து விலக்கி மடிப்பதைவிட, கீழ் விளிம்பை மேலே தூக்கி மடிப்பது எளிது, பொருத்துகிற இடம் கண்ணுக்கு எதிரே இருக்கும். எல்லா மடிப்பையும் மேலே தூக்கும் வாக்கில் வருமாறு தாளைச் சுற்றிக்கொண்டால் போதும். காற்றில் பிடித்து மடிப்பது வித்தை காட்ட மட்டும். கெட்டியான மேசை, இல்லாவிட்டால் மடியில் ஆடாத பலகை வேண்டும். அழுத்துவதற்கு நகம் போதும், ஐம்பது மடிப்புக்கு மேல் போனால் வலிக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பு, ஐஸ் குச்சி, ஸ்பூனின் முதுகு எல்லாம் நல்ல கருவிகள்.

இனி வரிசை. நீங்கள் காகிதம் மடிக்கத் தெரியாதவர் இல்லை. மழைத் தண்ணீரில் கத்திக் கப்பல் விட்டிருப்பீர்கள். சென்னிமலையிலோ மருதமலையிலோ கை நிறையத் திருநீறு வாங்கி, காலண்டர் தாளின் நடுவில் வைத்து, நீள விளிம்பு இரண்டையும் மேலே சேர்த்து இரண்டு சுற்று மடித்து, இரு முனையையும் பின்னால் திருப்பி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகியிருப்பீர்கள். பசை கிடையாது, நூல் கிடையாது, வீடு வரும்வரை ஒரு பொடி சிந்தாது. செருகினால் பிடித்துக்கொள்ளும் என்ற அந்தச் சூட்சுமத்தில்தான் பாதி ஒரிகாமி நடக்கிறது. அதனால் முதல் வாரம் இந்தப் பொட்டலத்தையும், அதன் அடுத்த கட்டமான மாசு என்ற ஜப்பானியச் சதுரப் பெட்டியையும் மடியுங்கள். மாசு என்றால் அரிசி அளக்கும் பெட்டி, நம் படிபோல. எல்லா மடிப்பும் நேர்கோடு, தப்பு உடனே தெரியும்: நாலு சுவரும் ஒரே உயரத்தில் நிற்காது. ஐந்து பெட்டி ஒரே அளவில் வந்தால் அடுத்ததுக்குப் போகலாம். இரண்டாம் வாரம் ஊதினால் உப்பும் தண்ணீர்க் குண்டு. மூன்றாம் வாரம் கொக்கு. புதுப்புது உருவமாகத் தாவாமல் ஒரே உருவத்தைப் பத்துத் தடவை மடிப்பதுதான் கையை மாற்றும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீடியோவை விட்டுவிட்டு வரைபடத்துக்கு மாறுங்கள் என்பது என் விருப்பமான கட்சி, மாற்றுக்கட்சிக்காரர்களும் உண்டு. வரைபடத்தில் உள்ள குறிகளை 1950களில் அகிரா யோஷிசாவா என்ற ஜப்பானியர் ஒழுங்குபடுத்தினார். சிறுகோடு சிறுகோடாக இருந்தால் பள்ள மடிப்பு. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் மேட்டு மடிப்பு. மஞ்சள் காட்டில் பாரும் சாலும்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள், தாளின் முகம் வானத்தைப் பார்த்திருக்கிறது, பள்ளம் என்றால் சால், மேடு என்றால் பார். உலகமெங்கும் இதே குறிதான் என்பதால் ஜப்பானிய நூலையும் மொழி தெரியாமல் படிக்கலாம். ஒரு படியை மடிக்கும்போது கண் அதற்கு அடுத்த படத்தில் இருக்க வேண்டும், இப்போது செய்வது எப்படி முடிய வேண்டும் என்று காட்டுவது அந்தப் படம்தான். வீடியோவில் அடுத்த படம் இன்னும் வந்திருக்காது. சிக்கலான ஓரிரு திருப்பங்களுக்கு மட்டும் வீடியோவைப் பாருங்கள்.

கொக்கின் முதல் கட்டம், சதுரத்தை நாலில் ஒரு பங்கு சதுரமாகச் சுருக்குவது. மூலைவிட்டங்களை ஒரு பக்கமும் நடுக்கோடுகளை எதிர்ப்பக்கமும் மடித்துவிட்டுக் குவித்தால் தானாக உட்காரும். உட்காராவிட்டால் எண்ணிப் பாருங்கள். தட்டையாகப் படியும் எந்த மடிப்பிலும், கோடுகள் கூடும் புள்ளியில் மேடுகளின் எண்ணிக்கைக்கும் பள்ளங்களின் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் சரியாக இரண்டு இருக்கும். மாயேகாவா தேற்றம் என்பது இதுதான். இங்கே நடுப்புள்ளியில் வேலை செய்வது ஆறு கோடுகள்: நடுக்கோட்டின் நாலு கைகள் ஒரு வகை, மூலைவிட்டத்தின் இரண்டு கைகள் மறுவகை. நாலில் இரண்டு போனால் இரண்டு. மீதி மூலைவிட்டக் கைகள் இரண்டும் தட்டையாகப் படுத்திருக்கும். உங்கள் தாளில் மூன்றுக்கு மூன்று என்று வந்தால் ஏதோ ஒரு கோடு தலைகீழாக மடிந்திருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் படியாது.

அடுத்தது இதழ் மடிப்பு. பெரும்பாலான கொக்குகள் கெடுவது இதில்தான், மூக்கில் அதன் விளைவு மட்டும்தான் தெரிகிறது. திறந்த முனை உங்களை நோக்கி இருக்கட்டும். கீழ் விளிம்பு இரண்டையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள், மேலே மிஞ்சும் முக்கோணத்தைக் கீழே மடியுங்கள், பிறகு மூன்றையும் பிரியுங்கள். இப்போது ஒரு வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த மூன்று கோடுகளையும் பின்பக்கமாகவும் ஒருமுறை மடித்துப் பிரித்துவிட வேண்டும். அப்போதுதான் மேல் அடுக்கின் முனையைத் தூக்கும்போது பக்கங்கள் தாமாக உள்ளே வந்து சேரும். செய்யாவிட்டால் தாள் தன் இஷ்டத்துக்குப் புதுக்கோடு போட்டுக்கொள்ளும், முனை மொட்டையாகிவிடும், அந்த மொட்டைதான் பிறகு தலையாக வரும். பின்பக்கமும் இதே செய்தால் நீண்ட வைரம்போல ஒரு வடிவம் கையில் இருக்கும். கீழ்ப்பாதி இரண்டு காலாகப் பிளந்திருக்கும்.

கழுத்து குண்டாவது இதற்கு அடுத்த படியில். பிளந்த காலின் விளிம்புகளை நடுக்கோட்டுக்கு மடித்து ஒல்லியாக்குவோம். நடுக்கோட்டைத் தொடும்படி மடிக்கச் சொல்லும் பழக்கத்துக்கு இங்கே மட்டும் விடுமுறை. அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்தக் கால் அடுத்து நடுவில் இரண்டாக மடிந்து மேலே திரும்பப் போகிறது. தாளுக்குக் கனம் உண்டு, அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் விளிம்புகள் முட்டிக்கொண்டு கழுத்து உப்பும், அழுத்தினால் முதுகுக் கோடு வெடிக்கும். ஒல்லியாக்க வேண்டியது பிளந்த பக்கத்தைத்தான். பிளக்காத மேல்பக்கம் இறக்கை. அதை ஒல்லியாக்கிவிட்டு எங்கே தப்பு என்று தேடுபவர்கள் நிறைய. பிறகு காலை முதலில் முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை மடித்துக் கோடு போட்டுக்கொண்டு, விரித்து, இரு அடுக்குக்கு நடுவே உள்ளே தள்ளுங்கள். மூக்குக்கும் அப்படியே, ஒரே ஒரு முறை. அங்கே சரியாக வரவில்லை என்று மூன்றாம் தடவை திருப்பினால் கிழியும். முதல் முறை விழுந்த கோணம் பிடிக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள், கொஞ்சம் குனிந்த கொக்கும் கொக்குதான். கடைசியில் இறக்கைகளை அடியில் பிடித்து மெதுவாக விலக்கினால் உடல் உப்பும். நுனியைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

கொக்கு வந்தபிறகு, நகல் தாளுக்கென்றே படைத்ததுபோல ஒரு வேலை இருக்கிறது: சோனோபே அலகுகள். ஒரே மாதிரி துண்டுகளை மடித்துப் பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகி உருண்டை செய்வது. ஏ4 தாளை 7 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் அகலத்தில் மூன்று, நீளத்தில் நாலு, ஆக 12 கிடைக்கும். 17 மில்லிமீட்டர் பட்டை ஒன்று மிஞ்சும். ஆறு அலகில் கனசதுரம், 12ல் ஒரு நட்சத்திரம், 30ல் பெரிய முள்ளுருண்டை. மூன்று நிறத்தில் தாளுக்கு ஒன்றாக மூன்று தாள் வெட்டினால் 36 சதுரம், கெட்டுப்போக ஆறு உபரி. ஒவ்வொரு கூம்பையும் மூன்று அலகு சேர்ந்து எழுப்பும். ஒரு பள்ளத்தைச் சுற்றி எத்தனை கூம்பு என்பதுதான் கணக்கு: கனசதுரத்தில் மூன்று, 12ல் நாலு, 30ல் ஐந்து. முப்பதில் எங்கோ ஓரிடத்தில் ஐந்துக்குப் பதில் நாலு வைத்துவிட்டால் உருண்டை கடைசியில் மூடாது, எந்த இடம் என்று தேடுவது பெரும் தலைவலி. இன்னொரு தவறு இதைவிட மோசம். அலகின் முதல் படியில் எதிரெதிர் மூலை இரண்டைச் சிறு முக்கோணமாக மடிப்போம். சில தாளில் மேல் இடதும் கீழ் வலதும், சில தாளில் மேல் வலதும் கீழ் இடதும் என்று மாற்றி மடித்தால் வலக்கை அலகும் இடக்கை அலகும் கலந்துவிடும். அவை ஒன்றுக்குள் ஒன்று சேரவே சேராது. முதல் அலகைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மீதியை மடியுங்கள்.

தாளை ஈரப்படுத்தி மடிக்கும் ஈர மடிப்பு, கஞ்சி போட்ட தாள் என்றெல்லாம் வீடியோக்களில் பார்த்து மயங்கியிருக்கலாம். இப்போது தேவையில்லை, ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். வீட்டில் இருக்கிறதே என்று மைதாப் பசையோ சோற்றுக் கஞ்சியோ தடவினால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வரும். அந்தக் கட்டம் வரும்போது சைசிங் மில்களில் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போடும் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பொடியைத் தேடுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 10 கிராம் பொடியைத் தூவி, ஒரு ராத்திரி ஊறவிட்டால் கட்டியில்லாமல் வரும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐம்பதில் தடை கண்ணுக்குத்தான், விரலுக்கு இல்லை. படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள், விளக்கு பக்கவாட்டிலிருந்து விழட்டும். மடித்த கோடு நிழலால்தான் தெரியும், உச்சி வெளிச்சத்தில் மறைந்துவிடும். 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு ஏ4ல் கிடைக்கும் 21 சென்டிமீட்டர் முழுச் சதுரத்தில் பழகுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை உதறிவிடுங்கள். விரல் மரத்துப்போவது அடுத்த நாளும் தொடர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு இங்கே பதில் கேட்க வேண்டாம். ஒரிகாமி மடித்தால் ஞாபகசக்தி கூடும், மன அழுத்தம் தீரும் என்று விற்கிறவர்கள் பேச்சையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் இருப்பீர்கள் என்பது மட்டும் உறுதி, இரண்டு கையிலும் தாள் இருக்குமே.

எடை போட்டு, தாள் மாற்றி, பெட்டி ஐந்து மடித்தபிறகும் கொக்கு முரண்டு பிடித்தால் மறுபடி எழுதுங்கள். அப்போது கொக்கின் படத்தை அனுப்ப வேண்டாம். கெட்டுப்போன கொக்கை முழுவதுமாகப் பிரித்து, தாளை மேசையில் விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எந்தக் கோடு நடுவைத் தப்பியது, எது இரண்டு தடவை விழுந்தது, இதழ் மடிப்பு எந்தப் பக்கம் இழுத்தது என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். நீங்களே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.